மூன்று எம்.ஆர்க்., இருபத்தொரு தாள், ஒரு மான்

கட்டடக்கலையில் ஐந்தாண்டு இளமாணிப் படிப்பையும் (பி.ஆர்க்.) அலுவலகம் ஒன்றில் இரண்டாண்டு வேலையையும் முடித்துவிட்டு, முதுமாணிக்கு (எம்.ஆர்க்.) விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு நான் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது ஆடி மாதத்தில். கச்சான் காற்று வீட்டுக் கதவுகளைத் தானே திறந்து தானே அடித்துச் சாத்தும் காலம் அது. விறாந்தை மேசையில் விண்ணப்பத்தோடு அனுப்பும் என் வரைபடத் தொகுப்பான போர்ட்போலியோவின் தாள்களைப் பரப்பி, பறக்காமலிருக்க அம்மிக் குழவியையும் கச்சான் கொட்டைப் பேணியையும் மேலே வைத்திருந்தேன் (கச்சானைக் கச்சானாலேயே தடுக்கலாம் என்பது என் நம்பிக்கை).

"எம்.ஆர்க். எண்டால் எத்தனை வருஷம், பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

அது நாட்டைப் பொறுத்தது என்றேன். இந்தியாவில் அது ஐந்தாண்டு பி.ஆர்க்.கிற்கு மேல் படிக்கும் இரண்டாண்டுச் சிறப்புப் படிப்பு. பிரித்தானியாவில் பெரும்பாலும் கட்டடக்கலைஞராகப் பதிவு பெறும் பாதையின் இரண்டாம் பகுதி. அமெரிக்காவிலோ வேறு துறையில் பட்டம் பெற்றவர்கூட மூன்று, மூன்றரை ஆண்டுகளில் முடித்துக் கட்டடக்கலைஞராக வழிவகுக்கும் தொழிற்பட்டத்துக்கும் அதே பெயர்தான் என்பதால், பி.ஆர்க். முடித்த ஒருவர் பெயரை மட்டும் நம்பிப் போனால் படித்ததையே பணம் கட்டித் திரும்பப் படிக்க நேரலாம் என்று விளக்கினேன்.

"ஒரே பேர்ப்பலகையில மூண்டு கடை" என்று அப்பா சுருக்கினார்.

"எந்தக் கடையில படிச்சால் குசினிக் கூரை ஒழுகாது?" என்றார் அம்மா.

அந்தக் கூரையைப் பார்க்கத்தான் மேசன் பாஸ் வந்திருந்தார். மாரிக்கு முன் ஓடு மாற்றும் வேலை. ஏணியில் ஏறுமுன் மேசையருகே நின்று, நானே வடிவமைத்துப் பெரிதும் மெச்சியிருந்த, கடற்கரையூரான உப்புவெளிக்கான நூலக வரைபடத்தைக் கையில் எடுத்தார். தட்டைக் கூரை, தாவாரமே இல்லை.

"தங்கச்சி, மார்கழி மழைத் தண்ணி எங்கால போகும்?"

கூரையின் கோடும் கடலின் அடிவானமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான் கருத்து என்றேன்.

"அடிவானம் சரி. தண்ணி?"

மறுமொழி சொல்லாமல் தாளை வாங்கி வைத்தேன். எனக்கு வேறு கவலை இருந்தது. விண்ணப்பத்துக்கு இருபது பக்கமே எல்லை, என்னிடம் இருபத்தொன்று. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும், 1800இல் பிரித்தானியப் படைத்தளபதி ஆர்தர் வெலெஸ்லி தங்கிய வீட்டைப் பட்டப்படிப்புக் காலத்தில் நாடா பிடித்து அளந்து வரைந்த இரண்டு தாள்களில் ஒன்றை நீக்குவதா, நூலகத்தை நீக்குவதா என்று மூன்று நாளாக முடிவு வரவில்லை. நூலகத்தைக் கைவிட எனக்கு மனமில்லை என்பதே உண்மை.

தேநீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் காற்று பேணியைக் கவிழ்த்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால், மேசன் பாஸ் திறந்தபடி விட்டிருந்த படலை வழியாக வந்த கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று, சிந்திய கச்சானைக் கவனியாமல், முற்றத்தில் நின்று நிதானமாகத் தாளொன்றை மென்றுகொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலையில் தட்டைக் கூரையின் கடைசி அங்குலம் தெரிந்தது.

மீதியைப் பொறுக்கி எண்ணினேன். சரியாக இருபது. அவற்றில் பாதிக்கு மேல் பழைய கட்டடங்களின் அளவை வரைபடங்களாக இருந்ததை அப்போதுதான் கவனித்து, மூன்று எம்.ஆர்க்.களையும் விட்டுவிட்டு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மரபுரிமைக் கட்டடப் பேணல் முதுமாணிப் படிவத்தை அன்றிரவே நிரப்பத் தொடங்கினேன்.

மானைத் துரத்தும்போது குசினிக் கூரையிலிருந்து குரல் வந்தது: "விடுங்கோ தங்கச்சி, அதுக்கும் தண்ணி எங்கால போகுமெண்டு விளங்கேல்லைப் போல."