பதினைந்து இலக்கங்களும் ஒரு தொலைபேசி எண்ணும்

"டாக்டர், நாய்க்கு ஆதார் போடணும்" என்று சொல்லிக்கொண்டுதான் இப்போது பலர் எங்கள் சிகிச்சையகத்துக்குள் நுழைகிறார்கள். வளர்ப்பு நாய்களுக்குத் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம் என்றும், உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டில் அறிவித்த பிறகு எங்கும் பரவிவிட்ட பேச்சு இது. நான் அதைத் திருத்துவதில்லை. படிப்பை முடித்த புதிதில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கறவை மாடுகளின் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லைகளைப் பொருத்தியபோதும் மாட்டுக்காரர்கள் அதை ஆதார் என்றே சொன்னார்கள். ஆனால் மாட்டின் காதில் தொங்கும் வில்லையை வழியில் போகிறவர்கூடப் படித்துவிடலாம். நாயின் தோலுக்கடியில் இருக்கும் எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அதைவிட முக்கியமாக, அங்கே ஓர் எண் இருக்கக்கூடும் என்று தேடிப் பார்க்கும் எண்ணம் ஒருவருக்கு வரவேண்டும்.

அந்த எண்ணம் எனக்குள் ஊன்றியது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. அப்போது நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவன். படகில் மீட்கப்பட்ட விலங்குகளைப் பராமரித்த ஒரு தற்காலிக முகாமில் நாங்கள் சிலர் முறைவைத்து வேலை செய்தோம். அங்கே வந்து சேர்ந்த ஒரு கறுப்பு லாப்ரடார் நாயை இரண்டு குடும்பங்கள் தங்களுடையது என்று சொல்லின. இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை. வெள்ளத்தில் வீட்டையே இழந்தவர்களிடம் நாயின் புகைப்படம் கேட்க முடியாது. கேட்டாலும் ஒரு கறுப்பு லாப்ரடாரைப் படத்தை வைத்து இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. கழுத்துப் பட்டை எங்கோ கழன்றுபோயிருந்தது. கடைசியில், யார் பெயர் சொல்லி அழைத்தபோது வாலை அதிகம் ஆட்டியது என்பதை வைத்து முடிவு செய்தோம். பயந்து, பசித்து, மூன்று நாள் ஈரத்தில் கிடந்த நாய் யாரைக் கண்டாலும் வாலாட்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று வெறுங்கையோடு திரும்பிய குடும்பத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நாங்கள் தவறான வீட்டுக்கு அனுப்பிவிட்டோமோ என்ற கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மைக்ரோசிப்பை அரிசி மணி அளவு என்பார்கள். உண்மையில் அது சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி; வெந்த பாஸ்மதிப் பருக்கையோடு ஒப்பிடலாம். அதற்குள் மின்கலம் கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்று, தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டுக் குறியீடாகவோ (இந்தியாவுக்கு 356), 900 அல்லது அதற்கு மேற்பட்ட தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். உரிமையாளரின் பெயரோ முகவரியோ அதில் இல்லை; அவற்றைச் சிப் நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தனியாகப் பதிய வேண்டும். "காணாமல் போனால் செல்போனில் எங்கே இருக்கிறது என்று காட்டுமா?" என்று பாதிப் பேராவது கேட்கிறார்கள். காட்டாது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் ஏமாற்றத்தை நான் ஒவ்வொரு முறையும் பொறுமையாக எதிர்கொள்கிறேன். ஏனென்றால் அந்த இடத்தில் தெளிவாகப் பேசாவிட்டால், சிப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

சிப் பொருத்துவது சில நொடி வேலை. முதலில் நாயின் உடல் முழுவதும் ஸ்கேன் செய்து, ஏற்கெனவே சிப் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு புதிய சிப்பை உறையில் இருக்கும்போதே படித்து, கூடவே வரும் பார்கோடு ஒட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்தி, எடுத்த பிறகு அந்த இடத்தை ஒரு விரலால் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடியும் படிக்க வேண்டும். தடுப்பூசி ஊசியைவிட இது தடிமனானது என்பதால் பூனைக்குட்டிகளுக்கும் மிகச் சிறிய இன நாய்களுக்கும் கருத்தடை அறுவையின் மயக்கத்திலேயே போட்டுவிடுவது என் வழக்கம்.

ஊசி போடுவதல்ல, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய பதிவுதான் என் தொழிலில் நான் அதிகம் தவறு கண்ட இடம். நான் முதலில் வேலை பார்த்த சிகிச்சையகத்தில் சிப் போட்டதும் உரிமையாளரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். வாரக் கடைசியில் யாராவது அதைக் கணினியில் ஏற்றுவார்கள் என்பது ஏற்பாடு. ஒரு தீபாவளி இரவு, பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடிவந்த ஒரு பீகிள் நாயை அடுக்குமாடிக் காவலாளி ஒருவர் கயிற்றில் கட்டி அழைத்துவந்தார். ஸ்கேனரில் எண் உடனே வந்தது. சிப் நிறுவனத்தின் பதிவேட்டில் தேடினால் அந்த எண்ணுக்கு எதிரே எதுவும் இல்லை. நான்கு நாள் கழித்து எங்கள் மேசை இழுப்பறையை ஒழித்தபோது அதே எண் ஒட்டப்பட்ட படிவம், ஏற்றப்படாத மற்ற படிவங்களுக்கு நடுவே கிடைத்தது. சிப்பைப் போட்டவன் நானே. அந்த நான்கு நாளும் அந்தக் குடும்பம் கோடம்பாக்கம் முழுவதும் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நாயை அழைத்துப்போக வந்தபோது அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இது எங்கள் ஓர் இடத்துக் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வழிதவறி வந்த நாய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 21.9 சதவீதம் வீடு திரும்பியதாகவும், சிப் உள்ள நாய்களில் அது 52.2 சதவீதம் என்றும் கண்டார்கள். பூனைகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரியது: 1.8க்கு எதிராக 38.5. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதன்மைக் காரணம் தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். நம் ஊரில் இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. இன நாய்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவாகும் குட்டிகளுக்கு வளர்ப்பாளரே சிப் போட்டு விற்கிறார். வாங்கியவர் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றாமலே வருடங்களைக் கழித்துவிடுகிறார். நாய் காணாமல் போனால் நம் அழைப்பு, அதை 45 நாள் குட்டியாக விற்றவருக்குப் போகிறது.

ஆகவே இப்போது என் மேசையில் ஒரு விதி உண்டு. நாய் மேசையைவிட்டு இறங்குவதற்குள் பதிவு முடிய வேண்டும். பதிவில் உள்ள தொலைபேசி எண்ணை நானே என் தொலைபேசியிலிருந்து அழைப்பேன். அது எதிரே நிற்பவரின் பையில் ஒலிக்க வேண்டும். இரண்டாவதாக, வேறு வீட்டில் வசிக்கும் ஓர் உறவினரின் எண்ணையும் கேட்டு வாங்குகிறேன். ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசிக்கு வரும்போது சிப்பை மறுபடி படித்து, தொலைபேசி எண் மாறியிருக்கிறதா என்று கேட்கிறேன். சில நாய்களில் சிப் தோள்பட்டையிலிருந்து நகர்ந்து முழங்கைப் பக்கம் இறங்கியிருக்கும். அதனால் ஸ்கேனரை உடலோடு ஒட்டி, மெதுவாக, வளைத்து வளைத்து முன்னங்கால்கள்வரை கொண்டுசெல்ல வேண்டும்.

வெளிநாடு செல்பவர்களுக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நாயை அழைத்துப்போக, சிப்பை முதலில் போட்ட பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். முறை மாறினால் அந்தத் தடுப்பூசி கணக்கில் சேராது. அதற்குப் பிறகு 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விமானச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர்களிடம் இதைச் சொல்வது கடினமான வேலை.

உரிமத்துக்காகக் கூட்டம் அலைமோதிய நாட்களில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தன் பொமரேனியனைக் கொண்டுவந்தார். வழக்கப்படி முதலில் ஸ்கேன் செய்தேன்; எண் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு மழையில் மேம்பாலத்துக்கு அடியில் கண்டெடுத்து வளர்த்த நாய் என்றார். "அது யாருதுன்னு தேட வேணாம் டாக்டர், என் பொண்ணு சாப்பிடமாட்டா" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்கு வெள்ளத்து லாப்ரடாரின் நினைவு வந்தது. தேடாமல் இருக்க என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்று தன் எண்ணைக் கொடுத்தார். பதிவேட்டில் இருந்தவர் இரண்டாவது அழைப்பில் எடுத்தார். அம்பத்தூரிலிருந்து கணவனும் மனைவியுமாக அன்று மாலையே வந்தார்கள். மூவரும் நாயோடு வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நாய் அன்று அம்பத்தூருக்குப் போனது. ஒன்பதாம் நாள் இரு தரப்பும் சேர்ந்து வந்து உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். முதல் எண்ணாக ஓட்டுநருடையதும், இரண்டாவது எண்ணாக அம்பத்தூர்க்காரர்களுடையதும் இருக்கட்டும் என்றார்கள். இரண்டையும் அழைத்துப் பார்த்துவிட்டுப் பதிந்தேன்.