குரங்கு பிடிக்கப் போய் பிள்ளையாரா முடிஞ்ச கதை

பாம்பே சயான் கோலிவாடால நாங்க இருந்த பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகுதுன்னு கீழ போர்டுல நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கு பில்டிங்கே லட்டு குடுத்து கொண்டாடுச்சு. ஓனருங்களுக்கு புது ஃப்ளாட் வரும், அது கட்டி முடிக்கிற வரைக்கும் பில்டரே வாடகை குடுப்பாரு. வாடகைக்கு இருந்த எங்களுக்கு கெடச்சது அந்த லட்டு மட்டும்தான். ரெண்டு மாசத்துல காலி பண்ணணும்.

அதே ஏரியால வேற வீடு பாத்தோம். ஒரு ரூம் ஒரு கிச்சன், கட்டில விரிச்சா பீரோ தொறக்காது, அதுக்கு 24 ஆயிரம், டெபாசிட் ஒரு லட்சம், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி. எங்க வீட்டுக்காரரு கால்குலேட்டர எடுத்து ரெண்டு பேரு சம்பளத்தையும் போட்டு, ஊருக்கு அனுப்புறத கழிச்சு, ஈஎம்ஐய கழிச்சு, கடைசில வந்த நம்பர எங்கிட்ட காட்டாம ஃபோன கவுத்து வச்சுட்டாரு. சரி வெளிய போயிருவோம்னு முடிவாச்சு.

வெளியன்னா எங்க? பாம்பேல வாடகை கொறஞ்ச ஊரு எதுன்னு யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் வீட்டப் பத்தி பேச மாட்டாங்க, ட்ரெயினப் பத்திதான் பேசுவாங்க. எனக்கு ஆபீஸ் ஃபோர்ட்ல, விடி ஸ்டேஷன்ல எறங்கி நடக்கணும் (விக்டோரியா டெர்மினஸ், 1996-ல பேரு மாத்துனாங்க, 2017-ல மறுபடி மாத்துனாங்க, எங்க வாயில இன்னும் விடிதான்). இவருக்கு தானேங்கிற ஊர்ல, வாக்ளே எஸ்டேட்ல வேலை. "அப்ப தானேலயே பாக்கலாம்தானே"ன்னு என் தம்பி கடிச்சான். பாத்தோம். தானே இப்ப, நானேதான் பாம்பேங்கிற நெனப்புல வாடகை கேக்குது.

ஆபீஸ்ல ஒரு அக்கா பன்வேலுக்கு வா, ரோடெல்லாம் அகலம், நல்லா காத்து வரும்னாங்க. காத்து வரும், ட்ரெயின் வரணுமே, ஹார்பர் லைன்ல ஃபாஸ்ட்டுங்கிற பேச்சே கிடையாது, எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு கும்பிடு போட்டுத்தான் வண்டி போகும். நாலசோப்பாரால ஒரு ஃப்ரெண்டு இருக்கா, அவ வாடகைய சொன்னப்ப ஆசையா இருந்துச்சு, விரார் ஃபாஸ்ட்டுல ஏறுற கதைய சொன்னப்ப ஆசை போயிருச்சு. தெரியாத்தனமா அந்தேரிக்குப் போற ஆளு அதுல ஏறிட்டா கதவுகிட்ட நிக்கிறவங்க எறங்க விட மாட்டாங்களாம், "உனக்குன்னு போரிவிலி வண்டி இருக்குல்ல, இதுல ஏன் ஏறுன"ன்னு கேட்டு, தண்டனையா விரார் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருவாங்களாம்.

அப்புறம் எங்க தாய்மாமா. 35 வருஷமா டோம்பிவிலி. அந்த ஊர கொறை சொன்னா, பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜிய தின்னுட்டு மூக்கு சப்பைன்னு சொன்ன மாதிரி கோவம் வரும் அவருக்கு. 2014-ல அங்க பச்சை கலர்ல மழை பேஞ்சுது, 2020-ல ஒரு ரோடே பிங்க் ஆயிருச்சு, எல்லாம் அங்க இருக்குற கெமிக்கல் ஃபேக்டரிங்க புண்ணியம், பேப்பர்லலாம் வந்துச்சு. அத எடுத்துச் சொன்னா, "உங்க சயான்ல மழை என்ன கலர்ல பேயுது? வெறும் தண்ணி கலர்தான?"ன்னுவாரு.

இந்த 35 வருஷத்துல காலைல ஆபீஸ் போற வண்டில மாமாவுக்கு ஒரு நாள்கூட சீட் கெடச்சது இல்லங்கிறது எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். கர்ஜத்ல, பத்லாபூர்ல, கல்யாண்ல ஏறுனவங்க உக்காந்துட்டு வருவாங்க, டோம்பிவிலில கதவோரத்துல ஒத்தக் கால் வைக்க எடம் கெடச்சா அன்னிக்கு ராசி நல்லாருக்குன்னு அர்த்தம். விவரமானவங்க எதிர்ப்பக்கமா கல்யாண் வரைக்கும் போய் அதே வண்டில சீட்ட பிடிச்சு உக்காந்து திரும்பி வருவாங்க. மாமா அதையும் பண்ண மாட்டாரு, மானப் பிரச்சனை. "கல்யாண் தாண்டுறதுக்கு பாஸ்போர்ட் வேணும்"னு ஒரு ஜோக் வேற, ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே ஜோக்.

டோம்பிவிலில 15 ஆயிரம் சொன்னாங்க. பத்லாபூர்ல எட்டரை ஆயிரத்துக்கு 1 பிஹெச்கே இருக்குன்னு ஒரு புரோக்கர் ஃபோட்டோ அனுப்புனாரு, ஃபோட்டோல பால்கனிலாம் இருந்துச்சு. மாமாகிட்ட சொன்னப்ப ரெண்டு நிமிஷம் துக்கம் அனுஷ்டிச்சுட்டு, இவர ஃபோன்ல கூப்பிட்டு பாடம் எடுத்தாரு. "மாப்ள, போர்டுல இங்கிலீஷ் எழுத்தப் பாத்து ஏறணும். கல்யாண் தாண்டுனதும் லைன் ரெண்டாப் பிரியுது. வடக்க போறது கசாரா, அதுக்கு என்னு (N) போட்டிருக்கும். தெக்க போறது கர்ஜத், அதுக்கு எஸ்ஸு (S). பத்லாபூரோட நிக்கிற வண்டி பிஎல் (BL). எஸ்ஸும் பத்லாபூர் போகும், என்னு போகவே போகாது. ரெண்டும் மலையடிவாரத்துலதான் போய் நிக்கும், அதுக்கு மேல மலை ஏறுற காட் செக்‌ஷன், லோக்கல் ஏறாது." இவரு ஃபோன காதுல வச்சுக்கிட்டு தலைய தலைய ஆட்டுனாரு. ஃபோன்ல பேசுறப்ப தலைய ஆட்டுற மனுஷனப் பாத்ததுமே எனக்கு உஷார் வந்திருக்கணும்.

இவரப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். கோயம்புத்தூரு. கல்யாணத்துக்கு அப்புறம்தான் பாம்பே, ஒரு வருஷம் ஆகுது. தினமும் குர்லா மாறி தானே போறாரு. மெயின் லைன்ல தானேக்குப் போறவருக்கு என்னா இருந்தா என்ன எஸ்ஸா இருந்தா என்ன, தானேய தாண்டிப் போற எந்த வண்டியும் அவர கொண்டு போய் எறக்கிரும். அதனால ஒரு வருஷமா அந்த மனுஷன் போர்டையே பாத்தது இல்ல.

ஞாயித்துக்கிழமை கெளம்புனோம். ஞாயிறுன்னா மெகா பிளாக், தண்டவாளம் ரிப்பேருன்னு ஃபாஸ்ட் வண்டிய ஸ்லோ லைன்ல விடுவாங்க, எல்லாம் லேட்டு. குர்லால பிஎல் வண்டி வந்துச்சு, நான் லேடீஸ்ல ஏறிட்டேன், இவரு வடாபாவுக்கு சில்லறை வாங்கிட்டு நின்னாரு, வண்டி கெளம்பிருச்சு. ஃபோன் போட்டேன். "நீ போ அம்மிணி, நான் அடுத்ததுல வந்தர்றேன்"னாரு.

லேடீஸ் டப்பால, அதான் கம்பார்ட்மென்ட்ல, எனக்கு நாலாவது சீட் கெடச்சுது. மூணு பேரு உக்கார்ற பெஞ்சுல நாலாவதா ஒரு ஓரத்துல ஒட்டிக்கிறது, பாதி உடம்பு பெஞ்சுல, மீதி கடவுள் பொறுப்பு. எதுத்தாப்ல ஒரு ஆன்ட்டி மடில பேப்பர விரிச்சு வெந்தயக்கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. எங்க எறங்குவன்னு கேட்டாங்க, அது நம்ம மேல அக்கறை இல்ல, நம்ம சீட்ட யாருக்கு எழுதி வைக்கலாம்ங்கிற கணக்கு. பத்லாபூர்ல வீடு பாக்கப் போறேன்னேன், அவ்ளோதான், டப்பா முழுக்க கமிட்டி ஆயிருச்சு. அம்பர்நாத் பொண்ணு, எங்க ஊருக்கு வா, ஆயிரம் வருஷத்து சிவன் கோயில் இருக்குன்னா. உல்லாஸ்நகர்காரி துணி சீப்புன்னா. ஈஸ்ட்டா வெஸ்ட்டான்னு ஒரு குரூப்புக்குள்ள சண்டையே வந்துச்சு. கீரை ஆன்ட்டி மட்டும் தல நிமிராம ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அங்கேருந்து கெளம்புற வண்டி இருக்கா?" இருக்குன்னேன். "அப்ப சீட் இருக்கு. வீடு எப்படி இருந்தா என்ன"ன்னாங்க.

பத்லாபூர்ல எறங்கி இவருக்கு அடிச்சேன்.

"எங்க இருக்கீங்க?"

"கல்யாண் தாண்டிட்டேன். புடீல் ஸ்டேஷன் (அடுத்த ஸ்டேஷன்) ஷஹாட்னு ஒரு அம்மா சொல்லுது."

எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. "ஷஹாடா? அது கசாரா லைனு! போர்டுல என்ன போட்டிருந்துச்சு?"

"மொதல்ல எஸ்ஸுன்னு ஒண்ணு வந்துச்சு. ஸ்லோ எதுக்குன்னு விட்டுட்டேன். அடுத்து என்னு போட்டு ஃபாஸ்ட்டு வந்துச்சு. என்னுதான்னு ஏறிட்டேன்."

இதுல கடுப்பு என்னன்னா சிரிப்பு வந்துருச்சு, திட்ட முடியல. அடுத்த ஸ்டேஷன்ல எறங்குங்கன்னேன். சிக்னல் போயிருச்சு.

புரோக்கர் வந்தாரு. ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷ நடைன்னு சொன்னவரு பைக்ல வந்தாரு, நான் பின்னாடியே ஷேர் ஆட்டோ, பைக்குக்கே பதினோரு நிமிஷம் ஆச்சு, நான் வாட்ச்ச பாத்துட்டேதான் போனேன். ஃபோட்டோல பாத்த பால்கனி இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்கு. இந்த வீட்டு ஹால் ஜன்னல தொறந்தா அந்த பால்கனி தெரியும், அத ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. தண்ணி வசதி எப்படின்னேன். "தண்ணிக்கு பஞ்சமே இல்ல மேடம், பக்கத்துலயே உல்லாஸ் நதி"ன்னாரு. பஞ்சம் இல்லதான், 2019 ஜூலைல மகாலட்சுமி எக்ஸ்பிரஸே பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவுல தண்ணிக்குள்ள நின்னு, ஆயிரம் பேர படகு விட்டு மீட்டாங்க. அத சொன்னேன். "அது ட்ரெயின் மேடம், இது செகண்ட் ஃப்ளோர்"னாரு.

இவரு ஃபோன் ஒரு மணி நேரமா எடுக்கல. அப்புறம் அவரே கூப்பிட்டு, அதே கசாரா லைன்ல டிட்வாலால இருக்கேன், கல்யாணுக்கு வந்துரு, நானும் வர்றேன்னாரு. குரல்ல ஒரு தெம்பு. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

கல்யாண் பிளாட்ஃபார்ம்ல நெத்தில குங்குமம், கைல மோதகம் டப்பா. டிட்வாலா கணபதி கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்காரு. வந்தது வந்துட்டோம்னு. அங்க கூட்டத்தோட கூட்டமா எறங்கி, எல்லாரும் ஆட்டோ ஏற இவரும் ஏறியிருக்காரு. துஷ்யந்தன் சகுந்தலைய மறந்துட்டப்ப, பிரிஞ்ச புருஷன் வந்து சேரணும்னு அவ வேண்டிக்கிட்ட பிள்ளையாராம், பிரிஞ்சவங்கள சேத்து வைப்பாராம், கோயில்ல தமிழ் தெரிஞ்ச ஒரு பெரியவரு சொன்னாராம். "அதான் பாத்தியா, ரெண்டு மணி நேரத்துல சேத்துட்டாரு"ன்னு மோதகத்த நீட்டுனாரு. நான் ஒண்ணும் பேசல, மோதகத்த மட்டும் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது மோதகம் சாப்புடுறப்பதான், "அப்புறம் ஒரு வீட்டுக்கு டோக்கன் குடுத்துட்டேன்"னாரு.

எவ்ளோ? ரெண்டாயிரம். யாரக் கேட்டு? பிள்ளையார. டீக்கடைல உக்காந்திருந்தப்ப கடைக்காரரு மச்சான் புரோக்கராம், வீடு பின்னாடியே இருந்துச்சாம், ஏழாயிரம்தானாம். விஷயத்த மாமாகிட்ட சொன்னேன். அவரு ஃபோன்லயே விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சவன நான் பாத்திருக்கேன், ஒம் புருஷன் உல்டா"ன்னாரு.

அடுத்த ஞாயிறு ரெண்டாயிரத்த திரும்ப வாங்குற நெனப்புலதான் நானும் போனேன். ஸ்டேஷன்ல இருந்து நானே நடந்து பாத்தேன், ஏழு நிமிஷம். கிச்சன்ல ஜன்னல் இருந்துச்சு, ஜன்னலுக்கு வெளிய செவுரு இல்ல, ஒரு புளியமரம். கட்டிலும் போட்டு பீரோவும் தொறக்கலாம். என்னோட ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும்தான், மாசப் பாஸ் ஐநூறு ரூபாய்க்குள்ள. கீரை ஆன்ட்டி கேள்வி ஞாபகம் வந்துச்சு. டிட்வாலாலயே கெளம்புற வண்டியும் இருக்கு, காலைல காலியா வந்து நிக்கும். 11 மாச அக்ரிமென்ட், போலீஸ் வெரிஃபிகேஷன், எல்லாம் ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. எங்க தேடுன, எப்படி முடிவு பண்ணுனன்னு ஆபீஸ்ல கேட்டா, நல்லா ரிசர்ச் பண்ணித்தான் எடுத்தோம்னு சொல்லிட்டு இருக்கேன்.

பால் காய்ச்சுற அன்னிக்கு மாமா வர்றேன்னாரு. வாழ்க்கைல மொத தடவையா கல்யாண் தாண்டுறாரு, "பாஸ்போர்ட் எடுத்துட்டேன்"னு கெளம்புறப்ப மெசேஜ் வேற. டோம்பிவிலில இருந்து எங்க ஊருக்கு அஞ்சே ஸ்டேஷன், அரை மணி நேரம் போதும். ஒன்பது மணிக்கு வர வேண்டியவரு பத்தாச்சு காணோம். பால் பொங்கிருச்சு, நல்ல நேரம் முடியப் போகுது. பத்தேகாலுக்கு ஃபோன். பின்னாடி ரொம்ப அமைதியா இருந்துச்சு, ஏதோ பறவை சத்தம்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"தெரியலம்மா. எதுத்தாப்ல மலை நிக்குது."

கசாரா. போர்டெல்லாம் சரியாப் பாத்து, என்னுலதான் ஏறியிருக்காரு. "பின்ன என்னாச்சு?"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னாரு: "ஜன்னல் சீட்டு கெடச்சுதும்மா. தூங்கிட்டேன்."