மருந்து கேட்குமா

“அப்போ அப்பாவுக்கு மருந்து கேட்காதா சார்?”

அந்தப் பெண் கேட்டது இது ஒன்றுதான். “அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றேன். சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எட்டு மாதமாக அந்தப் பதிலையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

தசை வரை இறங்கிவிட்ட சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பையை எடுப்பதற்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ தருவது வழக்கம். அந்த மருந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். கட்டியில் ஈஆர்சிசி2 மரபணு பழுதாகியிருந்தால் புற்றுசெல்லால் அந்தச் சேதத்தைச் சரிவரச் சரிசெய்துகொள்ள முடியாது. மருந்து நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணின் அப்பாவுடைய மெழுகு பிளாக்கில், அதாவது கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த துண்டில், அந்த மாற்றம் இல்லை. ‘கண்டறியப்படவில்லை’ என்று லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்தப் பெண் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் பெரிய ஸ்கேன் கவர் இருந்தும், ரிப்போர்ட்டை மட்டும் நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். ஏனோ அது கண்ணிலேயே நிற்கிறது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2014இல் வெளியான ஆய்வில், கீமோ நன்றாக வேலை செய்த 25 பேரில் 9 பேருக்குத்தான் ஈஆர்சிசி2 மாற்றம் இருந்தது. மீதி 16 பேருக்கு அது இல்லாமலே மருந்து கேட்டிருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். சிகிச்சையைப் பற்றிப் பேசுவது டாக்டரின் வேலை, லேபில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பதும் சரிதான். ஆனால் நான் திறந்துவிட்டேனே. பாதியில் நிறுத்தியதுதான் தப்போ.

கீமோ வேண்டாம் என்று அவர்களே டாக்டரிடம் சொல்லிவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போனார்கள். எடுத்த பை எங்கள் மேசைக்கே வந்தது. நோய் தசையைத் தாண்டிக் கொழுப்பு வரை போயிருந்தது. ஒரு நிணநீர் முடிச்சிலும் இருந்தது.

கொடுத்திருந்தால்? ஐந்து வருஷம் தாண்டிப் பிழைப்பவர்களை இந்தக் கீமோ நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் கூட்டுகிறது. அவருக்கு வயது 71, கிட்னியும் சுமார்தான். தாங்கியிருக்கவே மாட்டார். ராத்திரியில் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் அந்த ஐந்தில் ஒருவர் அவராக இருந்திருந்தால் என்று வரும், தூக்கம் போய்விடும்.

இப்போது ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: இந்த மாற்றம் இல்லை என்பதை வைத்து மருந்து கேட்காது என்று முடிவு செய்ய வேண்டாம். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழிலும் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.