கறுப்பு மேசைக்கு வயது பார்த்த கதை

மூன்று வாரமாக ஒரு சின்ன இழுப்பறை மேசையோடு மல்லுக்கட்டுகிறேன். முழுக்கக் கறுப்பு, கால்களில் கீறிய கோடுகளில் மட்டும் பொன்நிறம். விற்றவர் கருங்காலி என்றார். தூக்கியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். இதுவோ ஒரு கையில் வந்துவிட்டது.

இழுப்பறையை உருவிவிட்டு மேற்பலகையின் அடியைப் பார்த்தேன். கறுப்பு விளிம்போடு நின்றிருந்தது, உள்ளே வெளிர்ப் பழுப்பு. சரி, சாயம் ஏற்றிய மரம்தான். அதனால் மதிப்புக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. 1867இல் ஆங்கிலேய வடிவமைப்பாளர் காட்வின் வடிவமைத்த புகழ்பெற்ற சைட்போர்டும் (சாப்பாட்டு அறையில் பாத்திரங்கள் வைக்கும் அலமாரி), லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பது, கறுப்பாக்கிய மஹோகனிதான்.

சாயம் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள நானே செய்து பார்த்தேன். இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்து, அந்த நீரை ஓக் துண்டில் தடவினேன். கண்ணெதிரே கறுத்தது! ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. பீச் துண்டு வெறும் சாம்பல் நிறத்தோடு நின்றது. கெட்டியான தேயிலைச் சாற்றை முதலில் பூசி, காய்ந்ததும் மறுபடி தடவியபோதுதான் கறுத்தது. இந்தக் கறுப்பு மரத்துக்குள்ளேயே இறங்குகிறது. மேசையின் பின்காலில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றினேன். மெருகு இளகிப் பிசுபிசுத்தது, அதாவது அரக்கு. அதன் அடியில் இருந்த கறுப்பு அசையவில்லை. பிற்காலத்தில் யாரோ பெயின்ட் அடித்ததாக இருக்குமோ என்ற பயம் பெரும்பாலும் நீங்கியது.

அப்புறம் திருகாணிகள். எல்லாம் கூர்முனை. இயந்திரத்தில் செய்த கூர்முனைத் திருகாணி பரவியது 1840களின் பிற்பகுதிக்குப் பிறகு. ஆனால் திருகாணியை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பித்தளைக் கைப்பிடியின் பின்னால்தான் உண்மையான துப்பு கிடைத்தது. அழுக்கைத் துடைத்ததும் ஒரு சாய்சதுர முத்திரை: 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவமைப்புகளைப் பதிவு செய்த அடையாளம். உச்சியில் வட்டத்துக்குள் ரோமன் ஒன்று, உலோகப் பொருள் என்று அர்த்தம். மூலையில் 'பி' (P) எழுத்து. ஆண்டு எழுத்துகளின் பட்டியலில் 1851 என்று பார்த்துத் துள்ளிக் குதித்தேன். மறுநாள் நிதானமாகப் பார்த்தால், எழுத்து இருந்தது வலது மூலையில். ஆண்டு எழுத்து 1867 வரை உச்சியில் வரும். 1868 முதல் வலப்பக்கம். அந்த வரிசையில் 'பி' என்றால் 1877.

அதுவும் கைப்பிடியின் வடிவம் பதிவான ஆண்டுதான். அதே வடிவத்தை அதற்குப் பின்னும் வார்த்திருப்பார்கள். கைப்பிடி இந்த மேசையோடு பிறந்ததா என்றும் பார்த்தேன். முன்பலகையின் உட்பக்கம் வேறு துளை இல்லை, அடைத்த தடமும் இல்லை. அதனால் இழுப்பறைக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: '1877 அல்லது அதற்குப் பின்.' அடுத்த வாரம் இழுப்பறைப் பலகைகளைப் புறா வால் வடிவில் கோர்க்கும் டவ்டெயில் இணைப்புகளை லென்ஸ் வைத்துப் பார்க்கப் போகிறேன், கையால் வெட்டியதா இயந்திரமா என்று.