எட்டு சிட்டிங் போன பிறகுதான் தெரிந்தது, ஓசிடிக்கு வேண்டியது வேறு பேச்சு

ஒரு சிட்டிங்குக்கு 700 ரூபாய், மொத்தம் எட்டு சிட்டிங். கடலூரில் ஒரு கவுன்சலிங் மையத்தில் தம்பிக்காகக் கட்டியது. அவனுக்கு ஓசிடி: வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வரும், அது அடங்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். பணத்தைவிட அந்த நான்கு மாதத்தை நினைத்தால்தான் வயிறெரிகிறது. 5 நிமிடம் கை கழுவிக்கொண்டிருந்தவன் அதற்குள் 12 நிமிடத்துக்கு வந்துவிட்டான். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்துவிட்டது.

அங்கே பேசியவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் "உங்க கை சுத்தமாத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லி அனுப்பினார். ஓசிடிக்குச் செய்யக் கூடாதது அதுதான். யாராவது அப்படிச் சொன்னதும் பயம் சட்டென்று இறங்கும். அரை மணி நேரத்தில் "அவர் சரியாப் பார்த்தாரா?" என்று திரும்ப ஏறும். கை கழுவினால் வருகிற அதே கொஞ்ச நேர நிம்மதிதான் ஆறுதல் வார்த்தையிலும் வருகிறது, அது கிடைக்கக் கிடைக்க இன்னும் கேட்கத் தோன்றும். வீட்டில் சாவு விழுந்து துக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஆறுதல் பேச்சு பெரிய துணை. இவனுக்கு அது இன்னொரு முறை கை கழுவியது போல ஆனது.

ஓசிடிக்கு என்றே சிபிடியில் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனச் சிகிச்சை) ஒரு முறை இருக்கிறது, இஆர்பி என்பார்கள். பயப்படுகிற பொருளை வேண்டுமென்றே தொட வேண்டும், தொட்ட பிறகு வழக்கமாகச் செய்கிற சடங்கை, இவனுக்கு என்றால் கை கழுவுவதை, செய்யாமல் இருக்க வேண்டும். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த முறை. பொதுவாக 12 முதல் 20 சிட்டிங் வரை போகும். ஆகவே போனில் நேரம் வாங்கும்போதே கேளுங்கள்: "ஓசிடிக்கு இஆர்பி செய்வீங்களா? சிட்டிங்கில் கூடவே இருந்து செய்ய வைப்பீங்களா, பேசி மட்டும் அனுப்புவீங்களா?" கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அதையும் கேட்கலாம், தப்பில்லை. நாங்கள் இரண்டையும் கேட்கவில்லை.

பிறகு புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார், மாத்திரை எழுதினார். ஓசிடிக்கு இந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார். சைக்காலஜிஸ்ட்டையும் பார்க்கச் சொன்னார். வாயால் சொன்னதோடு சரி, ஓபி சீட்டில் எழுதவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் நின்றால், "ரெஃபரல் எழுதலையே, திரும்ப ஓபில டோக்கன் போடுங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். டோக்கன் நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வீண், தம்பி மட்டும் பஸ் ஸ்டாண்டில் நாலு முறை கை கழுவினான். டாக்டர் அறையை விட்டு வருமுன் சீட்டை நின்று படியுங்கள்: ரெஃபரல் இருக்கிறதா, எந்த அறை, எந்தக் கிழமை.

அடுத்த முறை எல்லாம் சரியாக நடந்தது. முதலில் ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஒய்-பாக்ஸ் என்ற கேள்வித்தாள், 40-க்குத் தம்பிக்கு 27. 24-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு.

அடுத்து ஏணி போட்டார்கள். எதைத் தொட்டால் எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை அவனே மார்க் போட வேண்டும். சொந்தச் செருப்பின் வார் 35, பஸ் கம்பி 60, பஸ் ஸ்டாண்ட் கழிவறைக் கதவைத் தொட்ட கையால் தலையணையைத் தொடுவது 95. கீழ்ப்படியில்தான் ஆரம்பம். செருப்பு வாரைப் பிடித்தபடி உட்கார்ந்தான், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மார்க் சொன்னான்: 40, 55, 55, 45, 30, 20. உச்சத்தில் எழுந்து ஓடியிருந்தால், ஓடினதால்தான் தப்பித்தோம் என்று மனசு படித்துக்கொள்ளும் என்றார் சைக்காலஜிஸ்ட். கழுவாமலே பயம் இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டில்தான் இது கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் மூன்று விதமாகக் கெட்டது. முதலாவது, தம்பியே. தொட்டுவிட்டுப் பேன்ட்டில் ரகசியமாகத் துடைத்துக்கொண்டான், மனசுக்குள் ஸ்லோகம் சொன்னான். இரண்டுமே சடங்குக் கணக்குதான். இரண்டாவது, அம்மா. அவன் கேட்கும் முன்பே "சுத்தமாத்தான்டா இருக்கு" என்பார். அதற்கு அவனையே வைத்து ஒரு பதில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம்: "இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு நீதான் சொல்லியிருக்க." முதல் வாரம் சண்டை வரும், விடாதீர்கள். மூன்றாவது, மடி, தீட்டு என்று பாட்டி அவன் பக்கம் நின்றார். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் மற்றவர்கள் பூஜைக்கு முன் எத்தனை முறை கழுவுகிறார்களோ அத்தனை முறை, அதற்கு மேல் வேண்டாம் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாட்டி அதை உடனே ஒத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் எங்களோடு பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் பேசியதில் தெரிந்தது, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வேலை நடக்கிறது. மனச்சோர்வில் படுத்தே கிடந்தவருக்கு மணிவாரியாக ஒரு அட்டவணை. மனசு வரும்வரை காத்திராமல், சாயங்காலம் பீச்சில் பத்து நிமிடம் நடப்பது போன்ற சின்ன வேலைகளை முதலில் செய்ய வேண்டும். குடிப்பவரிடம் புத்தி சொல்வதில்லை. குடியை ஏன் விட வேண்டும் என்பதை அவர் வாயாலேயே வர வைக்கும் கேள்விகள் கேட்கிறார்கள். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு டிபிடி என்ற சிகிச்சை: தனி சிட்டிங்கோடு, பொங்கி வரும் உணர்ச்சியைத் தாங்கும் பயிற்சி குழுவாக நடக்கும்.

எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416-க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இஆர்பி முழுவதையும் போனில் முடிக்க முடியாது, வழி கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2017 மனநலச் சட்டப்படி மற்ற நோய்களுக்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் உங்கள் பாலிசியில் ஓபி செலவு சேரவில்லை என்றால் சிட்டிங் பணம் வராது. எங்களுக்கு வரவில்லை.

பதினாலு சிட்டிங் முடிந்து ஒய்-பாக்ஸ் 15-க்கு வந்திருக்கிறது. கை கழுவுவது ஒரு நிமிடம். ஏணியில் மேல் இரண்டு படி பாக்கி.