கணக்கு வராத பையன் என்று நினைத்திருந்தேன்

பின்னக் கணக்கில் தொடர்ந்து தப்பு விட்ட ஒரு பையனுக்கு ஒரு நாள் கேள்வியை நானே வாசித்துக் காட்டினேன், பென்சிலைக்கூட எடுக்காமல் சட்டென்று 'முக்கால்' என்றான். கணக்கு வராமலில்லை, என் நான்கு வரிக் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள்ளேயே களைத்துப் போயிருக்கிறான். 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் (CAST) என்ற கல்வி ஆய்வு அமைப்பின் 'யூனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங்' (எல்லா மாணவருக்கும் பொருந்தும்படி பாடத்தை வடிவமைக்கும் முறை) சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: ஆர்வத்தைத் தூண்ட, பாடத்தைக் காட்ட, கற்றதை வெளிப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும், அதையும் பாடம் திட்டமிடும்போதே யோசிக்க வேண்டும். அதற்காக இலக்கைக் குறைக்கக் கூடாது. பின்னம் பின்னம்தான். (சோதிப்பதே வாசிப்பை என்றால் வாசித்துக் காட்டக் கூடாது, அது வேறு கதை.) அப்புறம், 'இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்' என்று முத்திரை குத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இப்போது என் கேள்வித்தாளில் பக்கத்துக்கு 3 கணக்குதான், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம், விடையைப் படமாக வரைந்தாலும் மார்க் உண்டு.