பந்தாட்டமும் கேஸ்ட்ரைட்டிஸும்

தாதியர் பயிற்சியின் முதல் பருவத்தில் மருத்துவச் சொற்கள் பாடத்தில் நான் தேறவில்லை. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவள் நான். அந்தப் புத்தகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த ஆங்கிலமே இல்லை. சொற்களை முழுசு முழுசாக மனப்பாடம் செய்தேன். இரவில் நாற்பது ஏறும், காலையில் பத்து நிற்கும். தேர்வில் பீடியாட்ரிக்ஸ் என்பதற்குப் பாத மருத்துவம் என்று எழுதினேன். பெடல் என்றால் காலால் மிதிப்பதுதானே என்று நினைத்துவிட்டேன். அது குழந்தை மருத்துவம்.

மறுதேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. வீடு பட்டர்வொர்த்தில், கல்லூரி கடல் தாண்டிப் பினாங்குத் தீவில். ஃபெரியில் போய்வரும் நேரத்தை இதற்கென்றே வைத்துக்கொண்டேன். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம், தாளுக்கு இரண்டு சொல்.

ஒரு நாள் கேஸ்ட்ரைட்டிஸ், கேஸ்ட்ரோஸ்கோபி இரண்டும் ஒரே தாளில் வந்தன. முதலாவது இரைப்பை அழற்சி, அடுத்தது இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. ஒன்றில் நடுவே ஓ இருக்கிறது, மற்றதில் இல்லை. ஏன்? புத்தகத்தைப் புரட்டினேன். கிரேக்க வேரையும் விகுதியையும் ஒட்டவைக்கத்தான் அந்த ஓ. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அது விழுந்துவிடும், மெய்யில் தொடங்கினால் நிற்கும். படித்ததும் எங்கள் தமிழாசிரியையின் குரல் காதில் கேட்டது: "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்." பந்து, ஆட்டம் சேர்ந்தால் பந்தாட்டம். பந்து, வீச்சு சேர்ந்தால் உகரம் அப்படியே நிற்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம்!

அதற்கப்புறம் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் பகுபதம் பிரிப்பது போலப் பிரித்தேன், விகுதியிலிருந்து தொடங்கி. ஐட்டிஸ் வந்தால் அழற்சி. எக்டமி வந்தால் வெட்டி எடுப்பது. ஆட்டமி என்றால் கீறுவது. ஆஸ்டமிதான் என்னை ரொம்பக் குழப்பியது. ஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் வாய் என்று தெரிந்த பிறகு அது மறக்கவே இல்லை. கோலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றில் ஒரு வாய் வைப்பது.

சிறுநீரகத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்பதும் புரிந்தது. நெஃப்ரோ கிரேக்கம், ரீனல் லத்தீன். நமக்குக் கண்ணும் நேத்திரமும் இருப்பது போலத்தான். ஹைப்பர், ஹைப்போ குழப்பத்துக்கு ஒரே வழி: ஹைப்பரும் லத்தீன் சூப்பரும் உறவுக்காரச் சொற்கள், இரண்டுமே மேலே. ஹைப்போ கீழே.

என்னைக் கவிழ்த்த சொல்லையும் விடவில்லை. லத்தீனில் பெட் என்பது பாதம், கிரேக்கத்தில் பைட் என்பது குழந்தை. நாம் இங்கே எழுதும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் பி எழுத்தை அடுத்து ஒரு ஏ வரும், அதுதான் குழந்தையின் அடையாளம். ஆர்த்தோபீடிக்ஸிலும் அதே ஏ இருக்கிறது. எலும்பு மருத்துவத்தில் குழந்தைக்கு என்ன வேலை? 1741இல் அந்தச் சொல்லை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி, குழந்தைகளின் உடல் கோணலை நேராக்குவதைப் பற்றித்தான் எழுதினார். ஆர்த்தோ என்றால் நேர்.

மறுதேர்வில் தேறினேன். ஆனால் மனசில் நிற்பது அடுத்த பருவத்தின் வார்டு பயிற்சிதான். டாக்டர் வந்துபோன பிறகு ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா மிஸ்ஸி, என்னமோ பைலோன்னு நீளமா சொன்னாரே, பெரிய வியாதியா?"

பைலோநெஃப்ரைட்டிஸ். பைலோ, தொட்டி. நெஃப்ரோ, சிறுநீரகம். ஐட்டிஸ், அழற்சி. மூத்த தாதியைப் பார்த்தேன், சொல்லு என்று தலையசைத்தார்.

"சிறுநீரகத்துக்குள்ள தண்ணி சேர்ற தொட்டி மாதிரி ஓர் இடம் இருக்கு பாட்டி. அங்க கிருமி போய்ப் புண்ணாயிருக்கு. அதுக்குத்தான் இந்த ஊசி மருந்து."

"தொட்டியா?" என்றார். கையை விட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்க்க ஆரம்பித்தார்.